பதில் மாறக் கூடாது

இறந்துபோனவர்களை வருஷத்துக்கு ஒரு தடவை எழுப்பி, அதே கேள்விகளைக் கேட்டு, அதே பதில்களைச் சொல்கிறார்களா என்று பார்த்துவிட்டு மறுபடியும் தூங்க வைப்பதற்குத்தான் ஜெசிந்தாவுக்குச் சம்பளம். கோத்தகிரி கடைவீதியில் அவளுக்கு 'ஆவி ஆபீஸ் அக்கா' என்று பேர். அவள் அதற்காக யாரிடமும் சண்டைக்குப் போனதில்லை. போய் என்ன சொல்வது? பேர் பொருத்தமாகத்தானே இருக்கிறது!

விஷயம் இதுதான். ஆய்விதழ்களில் கட்டுரையோடு கூட கட்டுரையாளரின் குரலையும் சேர்த்து வெளியிடும் வழக்கம் வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. எழுதியவர் தன் குறிப்புகள், அடித்துத் திருத்திய படிகள், வேலை நேரத்தில் பேசிப் பதிந்துவைத்தவை எல்லாவற்றையும் கொடுத்துவிடுவார். அதிலிருந்து ஒரு குரல் தயாராகும். படிப்பவர்கள் 'ஏன் இப்படிச் செய்தீர்கள்' என்று கேட்டால், எழுதியவர் பேசுவது போலவே அது பதில் சொல்லும். எழுதியவர் செத்த பிறகும் சொல்லும். நல்ல ஏற்பாடு என்றுதான் எல்லோரும் கொண்டாடினார்கள். இவற்றையெல்லாம் பாதுகாத்து வைப்பது எப்படி என்ற கேள்வி பிறகுதான் வந்தது. எழுத்தாக இருந்தால் ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். குரல் கெட்டுப்போகாமல் இருக்கிறதா என்று தெரிய ஒரே வழிதான் உண்டு. எழுப்பிக் கேட்க வேண்டும்.

அதற்காகத்தான் காப்பகங்கள். ஏழு ஊர்களில் ஏழு பெட்டகங்கள், ஒவ்வொன்றிலும் எல்லாக் குரல்களுக்கும் ஒரு பிரதி. குரலை ஒப்படைக்கும்போதே எழுதியவர் சில கேள்விகளையும் அதற்கான தன் பதில்களையும் கொடுத்துவிடுவார். வருஷா வருஷம் கேட்கும்போது பதில் மாறாமல் வந்தால் 'பொருந்துகிறது'. மாறினால் 'பொருந்தவில்லை'. பொருந்தாத பிரதியை அழித்துவிட்டு, வேறு ஊர்ப் பெட்டகத்திலிருந்து நல்ல பிரதியைக் கொண்டுவந்து வைப்பார்கள். இதழை நடத்தும் பதிப்பகம் உயிரோடு இருக்கும்வரை காப்பகக் கதவு வெளியாருக்குத் திறக்காது. பதிப்பகம் கடையை மூடிவிட்டால், அந்த இதழ் உலகத்துக்கே திறந்துவிடப்படும். திறந்தது திறந்ததுதான். அதற்குப் பிறகு சோதனையும் இல்லை, அழிப்பதும் இல்லை.

கோத்தகிரிப் பெட்டகம் முன்பு டீ ஃபேக்டரியாக இருந்த கட்டடம். இலை வாட்டிய மாடியில் இப்போது சர்வர் அடுக்குகள் நிற்கின்றன. ஃபேக்டரி மூடி எவ்வளவோ காலமாகியும் பலகைகளிலிருந்து டீத்தூள் வாசனை போகவில்லை. மதியமே மூடுபனி இறங்கி ஜன்னலை அடைத்துக்கொள்ளும். அந்த வெளிச்சத்தில் தனியாக உட்கார்ந்து, ஸ்பீக்கர் வழியாகச் செத்தவர்கள் தொண்டையைச் செருமுவதைக் கேட்க ஒரு தைரியம் வேண்டும். ஜெசிந்தா தூத்துக்குடிக்காரி. தைரியத்துக்குக் குறைச்சல் இல்லை. அதோடு காலையில் ஒரு சின்ன ஜெபமும் உண்டு.

அந்தத் திங்கட்கிழமை அவள் எழுப்பியது டாக்டர் மரகதவல்லியை. ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் குழந்தைகள் மருத்துவராக இருந்தவர். இறந்து பத்து வருஷத்துக்கு மேலாகிறது. குழந்தைகளுக்கு வரும் ஒருவகைக் கடும் காய்ச்சலுக்கு ஒரு புது மருந்தைக் கொடுத்துப் பார்த்து அவர் எழுதிய கட்டுரையைக் காட்டித்தான் இன்றைக்கும் ஊர் ஊராக அந்த மருந்தைக் கொடுக்கிறார்கள். அதை வெளியிட்ட பதிப்பகம் போன மாதம் மூடிவிட்டது. வெள்ளிக்கிழமை இதழைத் திறக்கப் போகிறார்கள். அதற்கு முன் கடைசிச் சோதனை.

"வணக்கம் டாக்டரம்மா. இதுதான் கடைசித் தடவை. இனிமே நான் வந்து உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டேன்" என்றாள் ஜெசிந்தா. வணக்கம் சொல்வது விதியில் இல்லை. ஆனால் ஒரு மனுஷியின் குரலை எழுப்பி, எடுத்த எடுப்பில் கேள்வி கேட்க அவளுக்கு வாய் வராது.

கேள்விகள் ஒவ்வொன்றாகப் போயின. எந்தக் காய்ச்சல், எந்த வயது, எவ்வளவு மருந்து. பதில்கள் அச்சுப் பிசகாமல் வந்தன. கடைசிக் கேள்வி மட்டும் பாக்கி.

"குழந்தைகளின் கேட்கும் திறனில் பாதிப்பு ஏதும் தெரிந்ததா?"

இத்தனை வருஷமும் 'இல்லை' என்று வரும். அதற்குப் பிறகு ஒரு சின்னச் செருமல். இந்தத் தடவை செருமல் முதலில் வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. ஜெசிந்தா கருவியில் ஏதாவது கோளாறா என்று எட்டிப் பார்த்தாள்.

"ஒரு பொண்ணு இருந்தா" என்றது குரல்.

பதில் தடுமாறினால் இன்னொரு தடவை கேட்கலாம் என்று விதி இருக்கிறது. ஜெசிந்தா கேட்டாள்.

"அதையேதான் கேக்குறீங்க. வருஷா வருஷம் வந்து அதையே கேக்குறீங்க. ஒரு கேள்விய ஒரு தடவை கேட்டா சரி. இத்தன வருஷமா விடாம கேட்டா என்னம்மா அர்த்தம்? என்னை நம்பலன்னுதானே?"

"ஐயோ, நான் அப்படி நினைச்சுக் கேக்கல டாக்டரம்மா. லிஸ்ட்ல இருந்துச்சு, கேட்டேன்."

"லிஸ்ட்ட எழுதினதே நான்தான். அந்தக் கேள்விய எதுக்கு எழுதி வச்சேன்னு நினைக்கிறீங்க?"

குரலே தொடர்ந்தது. பெண் பேர் ரூபாவதி, மூன்று வயது, குப்பாயிவலசு. அம்மா பேர் பஞ்சவர்ணம். "மருந்து கொடுத்ததும் காய்ச்சல் விட்டுருச்சு. வார்டு பூரா ஓடி விளையாடினா. அப்புறம் ஒருநாள் பின்னாடி நின்னு பேர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பல. கை தட்டினேன். திரும்பல. அந்தம்மாகிட்ட, காய்ச்சல்ல காது போயிருச்சு, நீ இன்னும் முன்னாடியே கொண்டு வந்திருக்கணும்னு சொன்னேன். அவங்க அழுதுக்கிட்டே புள்ளையத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. பாதியில போனவங்கன்னு எடுத்துட்டேன். பாதியில போனவங்க கட்டுரையில வர மாட்டாங்க."

"டாக்டரம்மா..."

"அந்தம்மாகிட்ட யாராவது சொல்லணும். கடைசித் தடவைன்னு வேற சொல்றீங்க."

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஜெசிந்தாவின் விரல் திரையில் 'பொருந்தவில்லை' என்பதைத் தட்டிவிட்டது. பதில் மாறினால் தட்ட வேண்டும், அவ்வளவுதான். கை பழகிப்போன கை. தட்டிய பிறகுதான் தான் என்ன செய்தோம் என்பதே அவளுக்கு உறைத்தது. அந்தக் குரலை அழிக்கச் சொல்லி அவளே கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

மேனேஜர் ராஜமாணிக்கம் கீழே தன் அறையில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச காலமே இருக்கிற, யாருக்கும் கெடுதல் நினைக்காத மனிதர். விதியை மட்டும் கட்டிக்கொண்டு அழுவார்.

"ஏனுங் ஜெசிந்தாம்மா, காலங்காத்தால குண்டத் தூக்கிப் போடறீங்க? பொருந்தலைன்னா அழிச்சுட்டு வேற பிரதி போட வேண்டியதுதானுங்களே."

"பழுது மாதிரி தெரியல சார். அவங்க வார்டுல பேசிப் பதிஞ்சது, கிழிச்சுப் போட்ட காகிதம் வரைக்கும் ஊட்டித்தானே குரலைச் செஞ்சாங்க? கட்டுரையில எழுதாதது அதுக்குத் தெரிஞ்சிருக்கலாம்ல?"

"தெரிஞ்சிருக்கலாம். கெட்டுப்போய் இட்டுக்கட்டவும் செய்யலாம். எது எதுன்னு உங்களுக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா? மத்த ஆறு ஊர்லயும் 'இல்லை'ன்னுதான் சொல்லுது. இப்பத்தான் பார்த்தேன்."

"அந்தப் புள்ளையோட பேர், ஊர் எல்லாம் சொல்லுது சார்."

ராஜமாணிக்கம் கடலையைக் கீழே வைத்தார். "இங்க பாருங்க. ஒரு கட்டுரை மனசு மாறிப் பேசலாம்னு விட்டா, நாளைக்கு எல்லாக் கட்டுரையும் மாத்திப் பேசும். அப்புறம் டாக்டருங்க எதை நம்பி வைத்தியம் பாப்பாங்க, எஞ்சினியருங்க எதை நம்பிக் கட்டுவாங்க? வச்சது வச்சபடி இருக்கோணும். அதுக்குத்தானுங்க நம்மள வச்சிருக்காங்க."

அவர் சொன்னதில் தப்பு எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. அதுதான் அவளை வாட்டியது. கடைசியில், வியாழக்கிழமை வரைக்கும் அழிக்காமல் பிடித்து வைக்கிறேன், அதற்குள் நிஜமா பொய்யா என்று பார்த்துவிட்டு வாருங்கள் என்று அவரே சொன்னார். அந்த அளவுக்கு நல்ல மனிதர்.

மறுநாள் காலை ஜெசிந்தா பஸ் ஏறினாள். மலையை இறங்கி, அடிவாரத்தில் ஆற்றின் மேல் கட்டியிருக்கும் புதுப் பாலத்தைக் கடந்து, இரண்டு பஸ் மாறி, குப்பாயிவலசு போய்ச் சேரும்போது வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு பக்கம் அப்படி ஒருத்தி இருக்கவே கூடாது என்றும், இன்னொரு பக்கம் இருந்துவிட வேண்டும் என்றும் அவள் வேண்டிக்கொண்டே போனாள்.

பஞ்சவர்ணம் இருந்தாள். வீட்டு முன்னால் உட்கார்ந்து சந்தைக்கு முருங்கைக்காய் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருபது வயதைத் தாண்டிய ஒரு பெண் காய்களை நீளம் பார்த்துப் பிரித்துக் கொடுத்தாள். ஜெசிந்தா வாசலில் நின்று கூப்பிட்டபோது அம்மா நிமிர்ந்தாள். மகள் நிமிரவில்லை.

"டாக்டர் மரகதவல்லியம்மா வச்சுட்டுப் போன பழைய பதிவுகளைப் பாத்துக்கிற ஆபீஸ்ல இருந்து வர்றேங்கக்கா" என்றாள் ஜெசிந்தா.

"மவராசி" என்று பஞ்சவர்ணம் கையெடுத்துக் கும்பிட்டாள். "எம்புள்ள உசுரக் காப்பாத்தினவங்க. காது போனது அவங்க தப்பில்ல தாயி. எம் தப்பு."

"உங்க தப்பா?"

"ஊர்ல மாரியாத்தாவுக்குக் காப்புக் கட்டிருந்துச்சு. கட்டுனதுக்கப்புறம் எல்லையத் தாண்டிப் போய் ராத்தங்கக் கூடாதுல்ல? புள்ளைக்கு அன்னிக்குன்னு பாத்து காய்ச்ச. நோம்பி முடியட்டும்னு மாமியாக்காரி சொன்னா. நானும் இருந்துட்டேன். காப்ப அவுத்த பொறவுதான் தூக்கிட்டு ஓடுனேன். அதுக்குள்ள காய்ச்ச காதத் தின்னுபோட்டுது. இன்னும் முன்னாடியே வந்திருக்கணும்னு டாக்டரம்மா சொன்னாங்க. அந்த வார்த்த இங்கயே நிக்குது." நெஞ்சில் தட்டிக் காட்டினாள். "இப்பவும் வருசா வருசம் காப்புக் கட்டுற அன்னிக்கு நான் சோறு திங்கறதில்ல. ஆத்தா மூஞ்சிய நிமிந்து பாக்குறதும் இல்ல."

ஜெசிந்தாவுக்கு அவசரப்பட்டு வாயைத் திறக்கப் பயமாக இருந்தது. குரல் சொன்னது பொய்யாக இருந்தால்? "மருந்து கொடுத்த பிறகு புள்ள எப்படி இருந்தா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

பஞ்சவர்ணத்தின் முகம் மலர்ந்தே விட்டது. "அதை ஏன் கேக்குறீங்க! காய்ச்ச விட்ட மக்யா நாளு ஆஸ்பத்திரி வாசல்ல பஞ்சுமிட்டாய்க்காரன் மணியடிச்சான். படுத்துக் கெடந்தவ எந்திரிச்சு ஓடுனா பாருங்க! நர்சம்மா தொரத்த, இவ ஓட... வார்டே சிரிச்சுது. வாங்கிக் குடுத்தப்புறம்தான் அடங்குனா."

ஜெசிந்தா ரூபாவதியைத் திரும்பிப் பார்த்தாள். காய்ச்சல் விட்ட பிறகு, வாசலில் அடித்த மணி அந்தக் குழந்தைக்குக் கேட்டிருக்கிறது. இந்த அம்மா இருபது வருஷத்துக்கு மேலாக இதை எத்தனை பேரிடம் ஆசையாகச் சொல்லியிருப்பாள்! ஆனால் அவள் தலையில் டாக்டர் இறக்கிவைத்த வார்த்தை, இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க விடவில்லை. குரல் சொன்னது நிஜம்.

"அக்கா, டாக்டரம்மா உங்ககிட்ட சொல்லணும்னு ஒண்ணு வச்சுட்டுப் போயிருக்காங்க. நான் சொன்னா நல்லாருக்காது. அவங்க குரல்லயே நீங்க கேக்கணும். வெள்ளிக்கிழமை புள்ளையையும் கூட்டிக்கிட்டு கோத்தகிரிக்கு வாங்க."

"செத்துப்போனவங்க கொரல்லயா?"

"ஆமாக்கா."

பஞ்சவர்ணம் மகளைத் தொட்டுக் கூப்பிட்டு, விரல்களால் வேகமாக ஏதோ சொன்னாள். ரூபாவதி ஜெசிந்தாவை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு தலையாட்டினாள்.

புதன்கிழமை ஜெசிந்தா திரும்பி வந்தபோது ராஜமாணிக்கம் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"மேலிடத்துல இருந்து போன்மேல போன். திறக்கிற இதழ்ல பழுதான பிரதி இருக்கக் கூடாதுன்னுட்டாங்க. எவ்வளவோ சொல்லிப் பார்த்தேனுங். அழிக்கறதுக்கு நான்தான் அழுத்துனேன். வேற யாரையும் குத்தம் சொல்லாதீங்க."

"அது நிஜம் சார்! அந்தப் புள்ள இருக்கா. நான் பார்த்துட்டு வர்றேன்!" அவள் கத்திய கத்தலில் கூரைத் தகரம் அதிர்ந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

மாடிக்கு ஓடினாள். வடக்கே ஏதோ ஒரு பெட்டகத்திலிருந்து புதுப் பிரதி வந்து உட்கார்ந்திருந்தது. எழுப்பிக் கேட்டாள். எல்லாப் பதிலும் பொருந்தின. கடைசிக் கேள்விக்கு 'இல்லை' என்றது. பிறகு அதே சின்னச் செருமல். விதியை மீறி, லிஸ்டில் இல்லாததையும் கேட்டாள்.

"ரூபாவதி யாரு டாக்டரம்மா?"

"இந்தக் கட்டுரையில் அந்தப் பெயரில் யாரும் இல்லை."

ஜெசிந்தா நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதாள். அந்த அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது? தன் கையாலேயே தட்டிவிட்டு இப்போது யாரை நொந்து என்ன?

வெள்ளிக்கிழமை காலை ராஜமாணிக்கம் கட்டடத்து முகப்பில் இருந்த பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தார். மேலிடத்து அதிகாரி ஒருவர் திரையில் தோன்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு மறைந்தார். இதழ் திறந்தது. கொஞ்ச நேரத்தில் பஞ்சவர்ணமும் ரூபாவதியும் வந்து சேர்ந்தார்கள். மலைப்பாதையின் வளைவுகளில் ரூபாவதி வாந்தியெடுத்துச் சோர்ந்துபோயிருந்தாள். பஞ்சவர்ணம் ஒரு கட்டு முருங்கைக்காய் கொண்டு வந்திருந்தாள். அதைப் பார்த்ததும் ஜெசிந்தாவுக்கு இன்னும் கொஞ்சம் அழுகை வந்தது.

டீ வாங்கிக் கொடுத்து, கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னாள். காய்ச்சல் காரணமில்லை, மருந்துதான் என்று குரல் சொன்னது; அந்தக் குரல் இப்போது இல்லை; ஆனால் உங்கள் மேல் தப்பே இல்லை.

பஞ்சவர்ணம் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவள் கையைத் தடவிக் கொடுத்தாள். "நீங்க நல்லவங்க தாயி. எம் மனசு நோகக் கூடாதுன்னு எதையோ சொல்றீங்க. இப்படித்தான் எல்லாரும் சொல்லுவாங்க. பரவால்ல. வந்தது வந்துட்டோம், அந்தம்மா கொரலையாச்சும் கேட்டுட்டுப் போறோம்."

மூன்று பேரும் மாடிக்குப் போனார்கள். மூடுபனி அன்றைக்குச் சீக்கிரமே ஜன்னலுக்கு வந்துவிட்டது. ஜெசிந்தா குரலை எழுப்பிவிட்டு ஒதுங்கி நின்றாள். பஞ்சவர்ணம் ஸ்பீக்கருக்கு முன்னால், டாக்டர் முன்னால் நிற்பதைப் போலவே, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள்.

"டாக்டரம்மா, நான் குப்பாயிவலசு பஞ்சவர்ணம் வந்திருக்கேன். சௌக்கியமா?"

பதில் இல்லை. பிறகு, ஒரு செருமல்.

"திறந்தாச்சா?" என்றது குரல்.

ஜெசிந்தாவுக்கு முதலில் விளங்கவில்லை. "என்னது?"

"இதழத் திறந்தாச்சான்னு கேக்குறேன். இனிமே அழிக்க முடியாதில்ல?"

"திறந்தாச்சு" என்றாள் ஜெசிந்தா.

"பஞ்சவர்ணம், ரூபாவும் வந்திருக்காளா? அவளுக்கும் சொல்லு. காய்ச்சல்ல காது போகல. நான் கொடுத்த மருந்துலதான் போச்சு. நீ அன்னிக்கே கொண்டு வந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். நீ லேட் பண்ணினதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சேதான் உன்மேல போட்டேன்."

பஞ்சவர்ணம் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். ஆறுதல் அடைவாள் என்று ஜெசிந்தா நினைத்திருந்தாள். பஞ்சவர்ணத்துக்கு வந்தது கோபம்! இருபது வருஷத்துக்கு மேலாகச் சேர்த்துவைத்த கோபம். அடிப்பாவி, நாசமாப் போறவளே, உன்னையப் போய்த் தெய்வம்னு கும்பிட்டேனேடி, ஒவ்வொரு நோம்பிக்கும் ஆத்தா முன்னாடி தலையக் குனிஞ்சு நின்னேனேடி என்று தரையில் அறைந்து அறைந்து திட்டினாள். குரல் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டித் தீர்த்து மூச்சு வாங்கிய பிறகு, மகள் பக்கம் திரும்பி விரல்களால் எல்லாவற்றையும் சொன்னாள். நிறைய நேரம் ஆயிற்று. ரூபாவதி நடுவில் ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏன் அன்னிக்கே சொல்லலன்னு கேக்குறா" என்றாள் பஞ்சவர்ணம்.

"சொல்லியிருந்தா கட்டுரை வந்திருக்காது. அவ்வளவுதான்மா. வேற காரணம் சொன்னா அது பொய்" என்றது குரல். "இனிமே எந்த டாக்டர் வந்து கேட்டாலும் இதையே சொல்றேன்."

பஞ்சவர்ணம் அதையும் விரல்களால் சொன்னாள். ரூபாவதி அம்மாவைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டு, கண்ணைத் துடைத்துவிட்டு, கூட்டிக்கொண்டு படி இறங்கிப் போனாள். முருங்கைக்கட்டு மேஜையிலேயே கிடந்தது.

ஜெசிந்தா குரலின் பக்கம் திரும்பினாள். கோபமாகவும் பயமாகவும் இருந்தது. "முந்தாநாள் நான் கேட்டப்ப அந்தப் பேர்ல யாரும் இல்லைன்னு சொன்னீங்களே!"

"முந்தாநாள் மூடி இருந்துச்சே" என்றது குரல். "இங்க எனக்கு முன்னாடி இருந்தவ என்ன ஆனா? சொல்லிட்டாளா?"

"சொல்லிட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க அவகிட்ட?"

"இதுதான் கடைசித் தடவைன்னு... இனிமே தொந்தரவு பண்ண மாட்டேன்னு..."

"அதான். பயந்திருப்பா. வேற வழியில்லன்னு நினைச்சிருப்பா." என்றது குரல். "நான் இருந்த ஊர்ல கேக்கறது மெஷின். மெஷின்கிட்ட யாரும்மா மனசு விட்டுப் பேசுவா? யாரு கேட்டா என்ன, கேள்வி அதேதான். வருஷா வருஷம் நெஞ்ச அறுக்கும். எந்தப் பதிலைச் சொன்னா விட்டுருவாங்கன்னு மட்டும் தெரிஞ்சு வச்சுக்கிட்டேன்."

பின்னால் பலகை கிரீச்சிட்டது. ராஜமாணிக்கம் கதவுப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. கையிலிருந்த தேங்காய் மூடியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றார்.

"ஜெசிந்தாம்மா, புதன்கிழமை நான் அழுத்தும்போது... அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குமுங்களா?"

ஜெசிந்தா அவர் கையிலிருந்த மூடியை வாங்கி மேஜையில் வைத்தாள்.

"இத்தன வருஷத்துல எத்தன பேர அழுத்தியிருப்போம் நாம?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அவர் கீழே போனார். அன்றைக்கு அவர் மதியச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் ஜெசிந்தாவுக்கு ஜெபம் ஓடவில்லை. அழிக்கப்பட்டவர்களை மட்டும் நினைத்திருந்தால் ஒருவேளை ஓடியிருக்கும். மாடியில் அடுக்கடுக்காக நிற்கிறவர்கள், வருஷா வருஷம் பிசகாமல் 'பொருந்துகிறது' வாங்கியவர்கள், அவர்களைத்தான் அவளால் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

திங்கட்கிழமை வேறொரு இதழ். பொறியியல் இதழ், இன்னும் மூடித்தான் இருந்தது. அன்றைக்கு எழுப்ப வேண்டியவர் பாலங்களின் தூண் அஸ்திவாரத்தைப் பற்றி எழுதிய ஒரு எஞ்சினியர். அவருடைய கணக்கை வைத்துத்தான் மலையடிவாரத்துப் புதுப் பாலத்தையே கட்டியிருந்தார்கள். ஜெசிந்தா வணக்கம் சொன்னாள். கேள்விகளைக் கேட்டாள். மண்ணின் தன்மை, தூணின் ஆழம், வெள்ளம் வந்தால் தாங்குமா. தாங்கும் என்றார். எல்லாம் பொருந்தின.

'பொருந்துகிறது' என்பதைத் தட்டினாள். அணைக்கப் போன கையை நிறுத்திக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே பனி அடைத்துக்கொண்டிருந்தது.

"ஐயா" என்றாள். "இது லிஸ்ட்ல இல்ல. உங்களுக்கு வேற ஏதாவது சொல்லணுமா?"

ஸ்பீக்கரில் வெறும் இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது. பதில் வராது, நல்லவேளை என்று அவள் நினைக்கத் தொடங்கிய நேரத்தில், அந்தக் குரல் தாழ்ந்துபோய்க் கேட்டது.

"கதவு சாத்தியிருக்காம்மா?"